ஜவானின் சம்பளப் பாக்கி: யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது?

சென்ற இதழில் பென்ஷன் திருத்தம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பலவும் பென்ஷனைப் பற்றியே இல்லை. சர்வீஸில் இருந்தபோது கைக்கு வந்திருக்க வேண்டிய சம்பளமும் அலவன்ஸும் அரியர்ஸும் வராமலே போனதைத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் படையில் பதினேழு வருடம் கிளார்க்காக இருந்துவிட்டு, அப்புறம் சட்டம் படித்து, இன்று இந்த மாதிரி வழக்குகளையே பார்த்துக்கொண்டிருப்பவன். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. பெயர், ஊர் எதையும் போடவில்லை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 1996-ல் சேர்ந்து 2020-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். 2007-ல் எனக்கு நாயக் ப்ரொமோஷன் வந்தது. ஆறாவது ஊதியக் குழுவின்படி சம்பளம் போட்டபோது "புதிய சம்பளத்துக்கு எந்தத் தேதியிலிருந்து மாறுகிறாய் என்று நீ ஆப்ஷன் எழுதிக் கொடுக்கவில்லை" என்று சொல்லி, என் பேட்ச்காரர்களைவிடக் குறைவாகப் போட்டுவிட்டார்கள். இன்றுவரை பென்ஷனும் அதே கணக்கில் குறைவாகத்தான் வருகிறது. இது போக 2010, 2011-ல் பதினான்கு மாதம் ஃபீல்ட் ஏரியாவில் இருந்ததற்கான அலவன்ஸ் கணக்கில் ஏறவே இல்லை. எட்டு முறை எழுதிவிட்டேன், "பரிசீலனையில் உள்ளது" என்றுதான் பதில். இனி வழக்குப் போட முடியுமா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு பாக்கி இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு, அதனால் பிரித்தே பார்ப்போம்.

முதலில் சம்பள நிர்ணயம். அடிப்படைச் சம்பளத்தைத் தப்பாகப் போட்டுவிட்டால் அந்தத் தப்பு ஒரு நாளோடு முடிவதில்லை. குறைந்த சம்பளம் வருகிற ஒவ்வொரு மாதமும் அது புதிதாக நடக்கிறது. 1995-ல் எம்.ஆர். குப்தா என்ற ரயில்வே ஊழியரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: சம்பளத்தைச் சரியாக நிர்ணயிக்கக் கேட்கிற உரிமை ஊழியர் வேலையில் இருக்கும்வரை மாதா மாதம் பிறக்கிறது. உங்களுக்கு அந்தக் குறை பென்ஷனிலும் தொடர்வதால் வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. அதோடு, 2006 ஜனவரிக்குப் பிறகு ப்ரொமோஷன் வந்து, ஆப்ஷன் கொடுக்காமல் விட்டவர்களுக்கு எது லாபமோ அதைப் பே ஆபீஸே பார்த்துப் போட்டிருக்க வேண்டும் என்று ஆயுதப் படைத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எங்கோ ஒரு மலைமேல் டியூட்டியில் இருப்பவன் சுற்றறிக்கை படித்து ஆப்ஷன் எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்காக ஆயுள் முழுவதும் குறைந்த சம்பளம் வாங்க வேண்டும் என்பது எந்த நியாயத்திலும் சேராது.

ஆனால் கேட்கிற உரிமை இருக்கிறது என்பதற்காகப் பழைய பாக்கி முழுவதும் வந்துவிடாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2008-ல் தர்செம் சிங் வழக்கு. 1983-ல் மருத்துவக் காரணத்தால் படையிலிருந்து அனுப்பப்பட்டவர், ஊன ஓய்வூதியம் கேட்டு 1999-ல்தான் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஓய்வூதியம் கொடுக்க வேண்டியதுதான் என்று தீர்ப்பானது. ஆனால் அரியர்ஸ் என்று வந்தபோது, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. அவர் காத்திருந்த பதினாறு வருடத்தில் பெரும்பகுதி அப்படியே போயிற்று. நீங்கள் இன்றைக்குப் போட்டாலும் பொதுவாக இந்த மூன்று வருடக் கணக்குத்தான். அதனால்தான் என்னிடம் வருகிற எல்லோரிடமும் முதலில் தேதியைக் கேட்கிறேன், எவ்வளவு பாக்கி என்பதை அப்புறம்தான் கேட்கிறேன்.

இரண்டாவது, அந்தப் பதினான்கு மாத அலவன்ஸ். இது கஷ்டம். இது மாதா மாதம் தொடர்கிற குறை இல்லை. 2011-ல் முடிந்துபோன ஒரு தொகை. அப்போதே கேட்டிருக்க வேண்டியது. கேட்டுப் பார்க்கலாம், தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமும் இருக்கிறது, ஆனால் மன்னிக்கும்படியான காரணத்தை நீங்கள் காட்ட வேண்டும். எட்டுக் கடிதம் போட்டேன் என்பது காரணமாகாது. திரும்பத் திரும்ப மனுக் கொடுப்பதால் கெடு நீண்டுகொண்டே போகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. "பரிசீலனையில் உள்ளது" என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருந்து, அப்புறம் காலம் கடந்துவிட்டது என்று கோர்ட் சொல்லக் கேட்கிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் உங்கள் ஃபைல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக்கூட நகர்ந்திருக்காது.

சரி, இப்போது என்ன செய்வது? உங்கள் சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு ஒரே ஒரு முழுமையான மனு எழுதுங்கள், பே ஆபீசுக்குக் காப்பி. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பேட்ச்காரர் ஒருவரின் பே ஸ்லிப்பையும் உங்களுடையதையும் பக்கத்தில் வைத்து, எந்த மாதத்திலிருந்து எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று காட்டுங்கள். பழைய பே ஸ்லிப் கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் சம்பளக் கணக்கு லெட்ஜரின் நகலைக் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவுக்கு ஆறு மாதத்துக்குள் மறுப்பு வந்தால், மறுப்பு வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போய்விட வேண்டும். ஆறு மாதமாகியும் பதிலே வரவில்லை என்றால், பதிலுக்குக் காத்திருக்காமல் நேரடியாகப் போகலாம். 2007-ல் வந்த சட்டத்தின்படி ஏற்பட்ட தீர்ப்பாயம் இது. சென்னையில் அதன் அமர்வு இருக்கிறது. ஒவ்வொரு அமர்விலும் நீதித்துறையிலிருந்து ஒருவர், படையில் உயர்ந்த பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என இரண்டு பேர் உட்காருவார்கள். பார்ட் டூ ஆர்டர் என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பார்ட் டூ ஆர்டர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஜவான் லீவில் போனது, திரும்பி வந்தது, கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, ஃபீல்ட் ஏரியாவுக்குள் காலடி வைத்த தேதி, எல்லாமே யூனிட் ஆபீசில் அந்த ஆர்டராக அச்சாகிப் பே ஆபீசுக்குப் போனால்தான் அவர் கணக்கில் பணமாக மாறும். ஒவ்வொரு படை எண்ணின் கடைசியிலும் ஓர் ஆங்கில எழுத்து வரும். ஒருமுறை ஒரு நாயக்கின் எண்ணில் 'எம்' என்பதற்குப் பதில் 'என்' என்று தட்டிவிட்டேன். பே ஆபீஸ் அதைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கவர் வந்து சேர்வதற்குள் யூனிட் வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ட்ரங்குப் பெட்டிகளைத் திறந்து, கார்பன் காப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்தபோது ஐந்து மாதம் ஓடியிருந்தது. ஐந்து மாதமும் அவர் பனியில் நின்றதற்கான பணம் அவர் வீட்டுக்குப் போகவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "சரி பாபுஜி, இப்ப அனுப்பிடுங்க" என்றார், அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் பதினான்கு மாதமும் இப்படி ஓர் எழுத்தில் காணாமல் போயிருக்கலாம். அந்த ஆர்டர் அப்போது வெளியானதா, பே ஆபீஸ் திருப்பி அனுப்பியதா என்பதையும் அதே தகவல் உரிமை மனுவில் கேட்டுவிடுங்கள். தப்பு அலுவலகத்தில் நடந்தது என்று காகிதம் சொன்னால், தாமதத்தை மன்னிக்கக் கேட்க உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கேள்வி: என் கணவர் சர்வீஸில் இருக்கிறார். மூன்று மாதமாகச் சம்பளத்தில் பெரும்பகுதி வரவில்லை. கேட்டால் "டெபிட் பேலன்ஸ்" என்கிறார்கள். ஏதோ அலவன்ஸைப் பல வருடமாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களாம், அதைப் பிடிக்கிறார்களாம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் நிற்கிறது. இதற்கு நடுவில் கடன் கொடுத்தவர், கோர்ட்டுக்குப் போய்ச் சம்பளத்தையே ஜப்தி செய்வேன் என்று மிரட்டுகிறார்.

பதில்: அம்மா, கடன்காரர் பேச்சுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சுலபம். ராணுவச் சட்டம் 1950, பிரிவு 28-ன்படி சர்வீஸில் இருக்கும் படைவீரரின் சம்பளத்தையும் அலவன்ஸையும் சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்காக ஜப்தி செய்ய முடியாது. கடன் கடன்தான், திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான், ஆனால் அந்த மிரட்டலுக்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது டெபிட் பேலன்ஸ். அதே சட்டத்தின் பிரிவு 25-ஐ உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள். விதிப்படி சேர வேண்டிய சம்பளத்தை, சட்டம் அனுமதித்த பிடித்தம் தவிர வேறு எந்தப் பிடித்தமும் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். எதை எதைப் பிடிக்கலாம் என்பதற்குப் பிரிவு 91-ல் பட்டியலே இருக்கிறது. தண்டனையாக நிறுத்தச் சொன்ன சம்பளம், அரசுச் சொத்துக்கான நஷ்ட ஈடு, அபராதம், மனைவி குழந்தைகளுக்கான பராமரிப்புத் தொகை ஆகியவற்றுக்கு ஒரு மாதத்தில் பாதிச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது என்று பிரிவு 94 வரம்பும் கட்டியிருக்கிறது. தவறிக் கொடுத்த தொகையைத் திரும்பப் பிடிப்பது அந்த வரம்புக்குள் நேரடியாக வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பிரிவு 94-ஐக் காட்டி எழுதிவிட்டு ஏமாந்துபோவீர்கள்.

உங்களுக்கு உதவுவது வேறொரு தீர்ப்பு. 2014 டிசம்பரில் ரஃபீக் மஸீஹ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஊழியர் பொய் சொல்லியோ ஏமாற்றியோ வாங்காமல், அரசே தவறிக் கொடுத்த பணத்தைக் கீழ்நிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஒரு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர்களிடமிருந்தும் திரும்பப் பிடிக்கக் கூடாது. பிடித்தம் செய்யும் உத்தரவுக்கு முன் ஐந்து வருடத்துக்கு மேலாகக் கூடுதலாகக் கொடுத்து வந்திருந்தாலும் பிடிக்கக் கூடாது. மாதச் சம்பளத்தில் அன்றன்றைக்குக் குடும்பம் நடத்துகிறவர்களின் கையிலிருந்து, எப்போதோ செலவாகிப்போன பணத்தை உருவுவது கொடுமை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: "கூடுதலாக வந்திருந்தால் திருப்பித் தருகிறேன்" என்று கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால், அந்தக் காகிதம் அவருக்கு எதிராக நிற்கும். 2016-ல் வேறொரு வழக்கில் அப்படித்தான் ஆனது.

கணவர் செய்ய வேண்டியது இதுதான். எந்த அலவன்ஸ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த உத்தரவின்படி பிடிக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பதில் வரும்வரை பிடித்தத்தை நிறுத்தச் சொல்லியும், அது முடியாதென்றால் சிறு தவணைகளாகப் பிடிக்கச் சொல்லியும் கமாண்டிங் ஆபீசர் வழியாக மனு கொடுக்க வேண்டும். நீங்கள் கடிதம் எழுதினால் யூனிட்டில் இரக்கப்படுவார்கள், ஆனால் சட்டப்படியான மனு அவர் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். நிலைமையைச் சொல்லி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். சர்வீஸில் இருப்பவர்களின் குடும்பத்தையும் அவர்கள் பார்ப்பார்கள்.

கேள்வி: என் தம்பி மேல் ஒரு கிரிமினல் கேஸ். பதினொரு மாதம் காவலில் இருந்தான். கோர்ட் விடுதலை செய்துவிட்டது. அந்தப் பதினொரு மாதச் சம்பளம் கிடையாது என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. காவலில் இருந்த நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்வது, அந்தக் குற்றத்துக்காகப் பிறகு தண்டிக்கப்பட்டவருக்குத்தான். தம்பி விடுதலையாகிவிட்டார் என்றால் அந்தப் பிரிவு அவரைத் தொடாது. தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலை வைத்து உடனே மனு கொடுக்கச் சொல்லுங்கள். கேஸுக்கு முன்னால் லீவு முடிந்தும் திரும்பாமல் இருந்த நாட்கள் ஏதாவது இருந்தால் அதைத் தனியாகப் பிடிப்பார்கள், அது வேறு கணக்கு.

கேள்வி: நான் சிஆர்பிஎஃப்பில் இருக்கிறேன். எனக்கும் இதே தீர்ப்பாயம்தானா?

பதில்: இல்லை தம்பி. அது தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் போன்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். தவறான இடத்தில் போட்டு ஒரு வருடம் போக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், முப்படையினருக்காக: தீர்ப்பாயத்தில் தோற்றால் உயர் நீதிமன்றம் போகலாமா என்பதில் 2015-லிருந்து குழப்பம் இருந்தது. 2023 மார்ச்சில் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் பறிபோகவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. டெல்லிவரை அலைய வசதி இல்லாத ஒரு சிப்பாய்க்கு இது பெரிய ஆறுதல்.

கேள்வி: அப்பா 24 வருட சர்வீஸ் முடித்து 2007-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். 2019-ல் இறந்துவிட்டார். எம்ஏசிபி என்று ஏதோ அவருக்கு வரவேண்டியிருந்தது என்று அவருடைய நண்பர் சொல்கிறார். அம்மா பெயரில் கேட்க முடியுமா?

பதில்: முடியும். தீர்ப்பாயச் சட்டம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமல்ல, அவரைச் சார்ந்திருந்தவர்களுக்கும் வாரிசுகளுக்கும் பொருந்தும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

நண்பர் சொன்னதும் உண்மைதான். பதவி உயர்வு கிடைக்காமலே வருடங்கள் ஓடினாலும் 8, 16, 24 வருடம் முடிகிறபோது சம்பளத்தில் ஒரு படி உயர்த்திக் கொடுக்கிற திட்டம் எம்ஏசிபி. இதை 2008 செப்டம்பர் 1 முதல்தான் கொடுப்போம் என்று அரசு சொன்னது. அதனால் 2006 ஜனவரிக்கும் 2008 ஆகஸ்டுக்கும் நடுவில் வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் விடுபட்டுப் போனார்கள், உங்கள் அப்பாவைப் போல. பல்பீர் சிங் டர்ன் என்பவரின் வழக்கில் 2017 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், எம்ஏசிபி என்பது அலவன்ஸ் இல்லை, சம்பளத்தின் பகுதி, ஆகவே படையினருக்கு 2006 ஜனவரி 1 முதல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் எம்ஏசிபி எல்லோருக்கும் தானாக வருவதில்லை. ஏற்கெனவே வாங்கிய ப்ரொமோஷன்களைக் கழித்துத்தான் கணக்கு. அப்பா ஹவில்தார்வரை வாங்கிய ப்ரொமோஷன் தேதிகள் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கும், அதைப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

கிடைக்கும் என்று தெரிந்தால், அம்மா ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு கொடுத்து, திருத்திய பென்ஷன் உத்தரவு கேட்க வேண்டும், அப்படித் திருத்தினால் அம்மாவின் குடும்ப பென்ஷனும் உயரும். டிஸ்சார்ஜ் புத்தகம், பழைய பென்ஷன் உத்தரவு, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நான்கும் வேண்டும். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நிற்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அம்மாவே நேரில் போய்க் கேட்கலாம்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவின் நண்பர்களில் பென்ஷன் இல்லாமல் குறைந்த சர்வீஸில் வெளியே வந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்: அவர்களுடைய சர்வீஸ் ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிட விதியே இருக்கிறது. அழித்த பிறகு எதை வைத்துக் கேட்பது?

கேள்வி: கல்லூரி மாணவி நான். சம்பளத்துக்காக அரசோடு வழக்காடி ஜெயித்த ராணுவத்தினர் உண்டா? எனக்குத் தெரிந்தவரை சிப்பாய்கள் கேள்வி கேட்காமல் பணிகிறவர்கள்தானே?

பதில்: உத்தரவுக்குப் பணிவார்கள் அம்மா, கூலியை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் உத்தரவு போட்டதில்லை.

நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய பெயர் மேஜர் ஏ.கே. தனபாலன். நான்காவது ஊதியக் குழுவில், 1986 ஜனவரி 1 முதல், கேப்டனிலிருந்து பிரிகேடியர்வரை ஆபீசர்களுக்கு 'ரேங்க் பே' என்று ஒரு தொகை வந்தது. கேப்டனுக்கு மாதம் 200 ரூபாய், பிரிகேடியருக்கு 1200. கொடுத்தார்கள், ஆனால் அடிப்படைச் சம்பளத்தை நிர்ணயிக்கும்போது அதே தொகையை அதிலிருந்து கழித்துவிட்டார்கள். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் வாங்கிக்கொண்டது போல. ஆயிரக்கணக்கான ஆபீசர்கள் பே ஸ்லிப்பைப் பார்த்திருப்பார்கள். இவர் ஒருவர்தான் கணக்குப் போட்டுப் பார்த்து, 1996-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1998-ல் ஜெயித்தார். அரசு மேல்முறையீட்டில் தோற்று, உச்ச நீதிமன்றத்திலும் 2005-ல் தோற்றது. அப்போதும் பணம் அவர் ஒருவருக்குத்தான் கொடுத்தார்கள்! மற்றவர்கள் தனித்தனியாகக் கோர்ட் ஏற வேண்டியதாயிற்று. 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் எல்லோருக்கும் 6 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொன்னது. அரசு அதையும் மறுபரிசீலனை செய்யக் கேட்டு, 2012 செப்டம்பரில் விஷயம் முடிந்தபோது வட்டி 2006-லிருந்து மட்டும் என்று குறைந்தது, பாக்கி கொடுத்தே ஆக வேண்டும் என்பது நின்றது. 1986-ல் கேப்டனாக இருந்தவர் பலர் அதற்குள் தாத்தாவாகியிருந்தார்கள். சிலர் இறந்தும் போயிருந்தார்கள்.

வெளிநாட்டில் பார்த்தால், என் மனதை விட்டு அகலாதது அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாசசூசெட்ஸ் 54-ம் படைப்பிரிவு. கறுப்பின வீரர்கள். சேரும்போது மற்றவர்களைப் போல மாதம் 13 டாலர் என்று சொன்னார்கள். சேர்ந்த பிறகு 10 டாலர், அதிலும் சீருடைக்கு 3 டாலர் கழித்து 7 டாலர் என்றார்கள். அவர்கள் அதை வாங்க மறுத்தார்கள். மாநில அரசு, வித்தியாசத்தை நாங்கள் கொடுக்கிறோம் என்றபோதும் வேண்டாம் என்றார்கள். பிரச்சினை டாலரில் இல்லை, தாங்களும் சிப்பாய்கள்தானா என்பதில் இருந்தது. சம்பளம் இல்லாமலே சண்டை போட்டார்கள், வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பசியோடு இருக்க. ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பரல் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் எழுதி, நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்று கேட்டார். அந்தப் படைப்பிரிவின் பாதிரியார் சாமுவேல் ஹாரிசன் தன் சம்பளத்தைக் கேட்டு எழுப்பிய கேள்வி அட்டர்னி ஜெனரல்வரை போனது. 1864 ஏப்ரலில் அவர், சட்டப்படி முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கருத்துக் கொடுத்தார். அந்த ஜூனில் அமெரிக்கக் காங்கிரஸ் சம்பளத்தைச் சமமாக்கியது. ஆனால் அதற்கு முன்பே, அதே வருடம் பிப்ரவரியில், சமச் சம்பளம் கிடைக்கும்வரை ஆயுதத்தைக் கீழே வைக்கும்படி தன் ஆட்களை அழைத்துச் சென்ற சார்ஜென்ட் வில்லியம் வாக்கர் கலகக் குற்றத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் தெற்கு கரோலினாப் படைப்பிரிவு ஒன்றைச் சேர்ந்தவர்.

இன்னும் கொடுமையானது செனகலில், தியாராய் முகாமில் நடந்தது. பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மனியரிடம் போர்க் கைதிகளாக இருந்து திரும்பிய ஆப்பிரிக்க வீரர்கள் தங்கள் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது. 35 பேர் இறந்ததாகப் பிரெஞ்சு அரசு கணக்குச் சொன்னது, அதைவிட அதிகம் என்றே வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். பிழைத்தவர்களில் 34 பேருக்குச் சிறைத்தண்டனை வேறு. இது படுகொலைதான் என்று பிரான்ஸ் ஜனாதிபதி ஒப்புக்கொள்ள 2024 ஆகிவிட்டது.

கேள்வி: நான் இப்போது சர்வீஸில் இருக்கிறேன். எங்கள் கம்பெனியில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஒரே மாதிரி அலவன்ஸ் பாக்கி. எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். இதனால் எங்கள் சர்வீஸுக்குக் கெடுதல் வருமா?

பதில்: தம்பி, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டிருந்தால் இன்றைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள். படையில் கூட்டு மனுவுக்கு இடமில்லை. நியாயமான கோரிக்கையாகவே இருந்தாலும், பத்துப் பேர் கையெழுத்து ஒரே தாளில் இருந்தால் அதைச் சம்பளப் பிரச்சினையாகப் பார்க்க மாட்டார்கள், ஒழுங்குப் பிரச்சினையாகத்தான் பார்ப்பார்கள். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு மனு கொடுங்கள். வாசகம் ஒன்றாகவே இருக்கட்டும், பெயரும் எண்ணும் தேதியும் தொகையும் அவரவருடையது.

மனு கொடுப்பதே உங்கள் உரிமை. ராணுவச் சட்டம் பிரிவு 26 ஜவான்களுக்காகவே எழுதப்பட்டது. கம்பெனி கமாண்டரிடம் கொடுக்கலாம், அவர் மேலேயே குறை என்றால் அவருக்கு மேலிருப்பவரிடம் கொடுக்கலாம். வாங்கியவர் முழுமையாக விசாரித்தே ஆக வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. மனு கொடுத்ததற்காகத் தண்டிக்க எந்தப் பிரிவும் கிடையாது. ஆனால் மனுவில் ஒருவர் மேல் தெரிந்தே பொய் எழுதினால் பிரிவு 56-ல் ஐந்து வருடம்வரை சிறை. அதனால் "அந்த கிளார்க் காசு கேட்டார்", "சுபேதார் சாப் வேண்டுமென்றே செய்தார்" என்று கோபத்தில் எதையும் சேர்க்காதீர்கள். பணம் வரவில்லை, இந்த விதிப்படி வர வேண்டும், இத்தனை மாதம், இவ்வளவு ரூபாய், அத்தோடு நிறுத்துங்கள்.

கெடுதல் வருமா என்று கேட்டீர்கள். முகம் சுளிப்பார்கள், ஒன்றிரண்டு பேர். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் நல்ல கமாண்டிங் ஆபீசர்கள் மனுவைக் கையில் வாங்கியதுமே பே ஆபீசுக்குப் போன் போட்டு, அந்த வாரத்திலேயே முடித்துக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன், அதுதான் அதிகம். உங்கள் பாக்கி எத்தனை மாதம் பழசு என்று கடிதத்தில் இல்லை. இந்த வருடத்தது என்றால் இப்போதே கொடுங்கள், லீவு முடிந்து வந்து பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். ஆபீசில் பெற்றுக்கொண்ட தேதியும் சீலும் போட்ட காப்பியை வாங்கி, அதில் ஒன்றை வீட்டுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். இன்றிலிருந்து ஆறு மாதம் எண்ணிப் பாருங்கள், பதில் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.